சத்தம் நின்ற வண்டி

குளிர்காலத்தில் எல்லா வண்டியும் முனகும், ஐயா. போன மாதம் வாங்கிய வண்டியாக இருந்தாலும் முனகும். விடிய விடியப் பனியில் நின்றால் ரப்பர் விறைத்துக் கட்டையாகிவிடுகிறது. அப்புறம் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் கிரீச் கிரீச் என்று புலம்பும். ஜனங்கள் அலறியடித்துக்கொண்டு என் பட்டறைக்கு வருவார்கள். "நிஸ்தோர், சக்கரம் கழண்டுரும் போலிருக்குப்பா" என்பார்கள். கொஞ்ச தூரம் ஓட்டு, சூடேறினால் தானே அடங்கிவிடும் என்று திருப்பி அனுப்புவேன். இப்போது நான் உள்ளே வரும்போது உங்கள் ஆள் ஒருவர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். அதுவும் முனகியது. முன்னால், இடது பக்கம். வெறும் புஷ்தான், பயப்பட வேண்டாம்.

எழுதுகிறீர்களா? நிதானமாகவே எழுதுங்கள். டீ போதும், ரொட்டி வேண்டாம். நான் வந்தது என் மகள் லாவினியா விஷயமாக. பனி ரோட்டில் கண்மண் தெரியாமல் ஓட்டிப் புருஷனைக் கொன்றுவிட்டாள் என்று அவள் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். ஜெயிலுக்குப் போகவேண்டியிருக்கும் என்று அவளுடைய வக்கீலே சொல்கிறார். அவள்தான் ஓட்டினாள், அதில் பொய் இல்லை. ஆனால் வேகமாக ஓட்டியிருக்க மாட்டாள். அந்த வண்டிக்கு அடியில் கடைசியாகப் படுத்தவன் நான். அதனால் எனக்குத் தெரியும்.

முனகலில் இரண்டு ஜாதி உண்டு. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை ஒன்று இருக்கிறது. அது வண்டியோடு சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் உருளை, அதுதான் புஷ். அது கத்தும், ஆளைக் கொல்லாது. எந்தப் புஷ் கத்துகிறது என்று தெரியாவிட்டால் எங்கள் மலைப்பக்கத்தில் கெட்டிலை எடுத்துக்கொண்டு வருவோம். ஒருவர் வண்டியின் மூக்கைப் பிடித்து அமுக்க, இன்னொருவர் ஒவ்வொரு ரப்பரிலும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக்கொண்டே வருவார். எதில் ஊற்றியதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. துடைத்துவிட்டு, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் பூசினால் போதும். மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்று பால் ஜாயின்ட். அதே இரும்புக் கையின் மறு நுனியில், ஒரு கிண்ணத்துக்குள் ஓர் இரும்புக் குண்டு. சக்கரம் திரும்புவதே அதன் மேல்தான். அதை மூடியிருக்கிற ரப்பர் உறை கிழிந்தால், ரோட்டில் போடுகிற உப்புத் தண்ணீர் உள்ளே போய், கிரீஸ் கரைந்து, குண்டு தேய்ந்துகொண்டே வரும். அதுவும் குளிரில் கத்தும். காதுக்கு ஏறக்குறைய அதே சத்தம். ஆனால் தண்ணீர் ஊற்றினால் நிற்காது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் கூடும். ஒருநாள் குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். அப்போது சக்கரம் மடிந்து படுத்துக்கொள்ளும். கத்துகிற வரைக்கும் அது நம்மிடம் ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் லாவினியாவுக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டால் பட்டறையில்தான் கிடப்பாள். மூக்கை அமுக்குவது அவள் வேலை, கெட்டில் என் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் அம்மா மரியோரா இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போனாள். ஒரே ஒரு குளிர்காலம் என்றுதான் சொன்னாள். முழங்கால் அளவு பனியில் பஸ் ஏற்றிவிட்டேன். பையின் வாய் சரியாக மூடவில்லை. உள்ளே அவளுடைய கோடைக்காலச் செருப்பு தெரிந்தது. ஜனவரி மாதத்தில் செருப்பு எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்தக் கிழவி செத்து, வேறு கிழவி வந்து, அவளும் போய்ச் சேர்ந்தாள். மரியோரா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஒரு தோட்டக்காரனோடு இருப்பதாகக் கேள்வி.

ரெமுஸ் கெட்டவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். லாவினியாவைக் கட்டின நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. வாயைத் திறந்தால் "மாமா, மாமா"தான். அவனுக்கு ஜெர்மனியில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. லாவினியாவையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஜனவரியில் ஞானஸ்நானப் பெருநாள் முடிந்ததும் புறப்படுவது, ஈஸ்டருக்குத் திரும்பி வருவது என்று சொன்னார்கள். சரி, ஈஸ்டர் எட்டிப்பிடிக்கிற தூரம்தான் என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அவனுடைய சிவப்பு வண்டி முதல் பனியிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. ஊருக்கே அது ஒரு கேலி. பக்கத்து வீட்டு வெத்தா வாசலில் நின்று, "உன் மாப்பிள்ளை வர்றது எனக்கு ஆத்துக்கு அந்தப்பக்கமே கேட்டுருதுடா. பன்னிகூட அறுக்கும்போது இவ்வளவு கத்தாது" என்பாள். பெருநாளுக்கு முந்தின நாள் ரெமுஸ் டவுனுக்குப் போய்ப் புது பால் ஜாயின்ட் ஒன்று வாங்கி வந்துவிட்டான். பெட்டியோடு என் கையில் கொடுத்தான்.

"இதுவா இருக்குமோன்னு சந்தேகம் மாமா. கணவாய்ல இறங்கணும்ல. பார்த்து மாத்திவிட்டுருங்க."

"புஷ்ஷா இருக்கும் மாப்பிள்ளை. பார்த்துடறேன்" என்றேன்.

அப்போது நான் அப்படித்தான் நினைத்தேன். அதில் சூது இல்லை.

மறுநாள் காலை ஊரே ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. பனிக்கட்டியை அறுத்துச் சிலுவை செய்து நிறுத்தி, அங்கேதான் சர்ச் சாமி தண்ணீரை மந்திரிப்பார். லாவினியாவும் ரெமுஸும் தீர்த்தம் பிடித்து வரச் சொம்போடு போனார்கள். நான் வண்டி வேலை இருக்கிறது என்று வீட்டில் நின்றுகொண்டேன். கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். அமுக்க ஆளில்லை, நானே ஒரு கையால் அமுக்கிக்கொண்டு ஊற்றினேன். எல்லாப் புஷ்ஷிலும் ஊற்றியாயிற்று. சத்தம் நிற்கவில்லை. ஜாக்கி கொடுத்து, கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். வலது பக்க பால் ஜாயின்ட் ஆடுகிற பல் மாதிரி ஆடியது. மாப்பிள்ளை சொன்னதுதான் சரி. சக்கரத்தைக் கழற்றினேன். நட்டில் எண்ணெய் அடித்தேன். பெட்டியைப் பிரித்துப் புதுசை எடுத்து ஒரு துணி மேல் வைத்தேன். சத்தியமாக மாற்றத்தான் உட்கார்ந்தேன், ஐயா.

பெரிய ஸ்பேனர் ஒன்று வேண்டியிருந்தது. ரெமுஸ் சில சாமான்களை டிக்கியில் வைத்திருப்பான் என்று திறந்தேன். மூட்டை முடிச்செல்லாம் ஏற்கனவே ஏற்றியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு துணிப்பை. அதற்குள் லாவினியாவின் பூப்போட்ட கவுன்கள், கையில்லாத சட்டைகள், வெள்ளைச் செருப்பு.

நான் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். திரும்ப அதே இடத்தில், அதே மாதிரி வைத்தேன். டிக்கியைச் சத்தமில்லாமல் மூடினேன். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஒரு பெரிய குழப்பம் தீர்ந்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். புது பால் ஜாயின்டைத் திரும்பப் பெட்டியில் போட்டேன். பழசைக் கம்பி பிரஷ் போட்டுத் துருப்போகத் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பார்த்தால் புதுசு மாதிரியே இருந்தது. பசுவுக்கு மருந்து போடுகிற தடித்த ஊசி வீட்டில் உண்டு. அதில் கிரீஸை அடைத்து, ரப்பர் உறையில் குத்தி, உள்ளே பிதுக்கினேன். உறையின் கிழிசலையும் ஊசி குத்தின ஓட்டையையும் கறுப்புப் பசையால் மூடினேன். சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, மூக்கை அமுக்கிப் பார்த்தேன். சத்தம் இல்லை. தேய்ந்த குண்டு தேய்ந்தபடியே இருந்தது. வாயை மட்டும் அடைத்துவிட்டேன்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கப்போகிறீர்கள். இல்லை. நான் இந்தத் தொழிலில் பழுத்தவன். பால் ஜாயின்ட் பெரும்பாலும் எங்கே கழலும் தெரியுமா? வேகத்தில் இல்லை. நடக்கிற வேகத்தில், சக்கரத்தை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது. எங்கள் வீட்டு கேட்டைத் தாண்டினால் அப்படி ஒரு திருப்பம் இருக்கிறது. அதிலே ஒரு குழி. ஒவ்வொரு வருஷமும் குளிருக்கு முன்னால் அதில் சரளை கொட்டுவேன். அன்றைக்கு அதில் கிடந்த சரளையையும் பனியையும் வாரிப் போட்டு ஆழமாக்கி வைத்தேன். வண்டி அங்கேயே படுத்துக்கொள்ளும், யாருக்கும் ஒரு கீறல் விழாது, கிடங்குக்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான் என்பது என் கணக்கு. அதைச் சாமான்ய புத்தியுள்ள யாரும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆற்றங்கரையிலிருந்து எல்லோரும் திரும்பினார்கள். சாமியையும் கையோடு கூட்டி வந்தார்கள், வண்டிக்குத் தீர்த்தம் தெளிக்க. சாமி இரினேய் பச்சிலைக் கொத்தை முக்கி நாலு சக்கரத்திலும் தெளித்தார். தெளித்த தண்ணீர் அங்கேயே உறைந்தது. ரெமுஸ் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தான். முற்றத்து மேடு பள்ளத்தில் எல்லாம் ஏறி இறங்கியது. பூனை மாதிரி போயிற்று.

வெத்தா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அடேயப்பா! நிஸ்தோர், உன் கெட்டிலத் தூக்கிக் குப்பையில போடு. சாமி ஒரு தெளிப்புல முடிச்சுட்டாரு!"

"எனக்குக் கூலி வேண்டாம். கோழி ஒண்ணு குடுத்தாப் போதும்" என்றார் சாமி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லாவினியா மட்டும் சிரிக்கவில்லை. பனியில் முட்டிபோட்டு உட்கார்ந்து, வலது சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, புதுசு போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு."

"புஷ் இல்லையா அப்போ?"

"இல்லம்மா. மாப்பிள்ளை சொன்னதுதான்."

அவள் கறுப்புப் பெயின்டைப் பார்த்தாள். பெயின்ட் முழுசாக உலரக்கூட இல்லை, கை வைத்திருந்தால் ஒட்டியிருக்கும். கை வைக்கவில்லை. எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். "நீங்க போட்டா சரிதான்" என்றாள். இதை எழுதும்போது கொஞ்சம் அடிக்கோடு போடுங்கள், ஐயா. ஜட்ஜ் அதைப் படிக்க வேண்டும். அவள் விசாரித்தாள். அக்கறையாக விசாரித்தாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி, மக்காச்சோளக் களி. ரெமுஸுக்கு நான் பிளம் சாராயம் ஊற்றினேன். "ஓட்டணும் மாமா, வேண்டாம்" என்றான். பெருநாள் அதுவுமா மாமனார் கையால் கொடுப்பதைத் தட்டக் கூடாது என்று ஊற்றினேன். இன்னொன்றும் ஊற்றினேன். வாடை போகிறவரை ஓட்ட முடியாது, ஒருநாள் தங்குவார்கள் என்று ஒரு நப்பாசை. குழியில் விழவேண்டிய அவசியமே வராதே. எல்லா வழியிலும் நல்லதாக முடியட்டும் என்றுதான் பார்த்தேன். லாவினியா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்கப்பா, நான் ஓட்டறேன். இவர் பக்கத்துல குறட்டை விடட்டும்" என்றாள்.

அவள் இடது பக்கம் ஸ்டீரிங்கில் உட்கார்ந்தாள். அவன் வலது பக்கம்.

கேட்டைத் திறந்துவிட்டேன். அவள் முழுசாக ஒடித்துத் திருப்பினாள். வலது சக்கரம் குழிக்குள் இறங்கியது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி மேலே ஏறியது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டினாள். ரோட்டில் ஏறிப் போய்விட்டாள்.

நீங்கள் இப்போது கேட்கிறீர்களே, அதைத்தான் நானும் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்கிறேன். போன் பண்ணியிருக்கலாமே என்று. பண்ணியிருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது. கணவாய் உச்சிக்குப் போக வெகு நேரம் ஆகும். சும்மா ஒரு வார்த்தை, லாவினியா ஓரமா நிறுத்தும்மா என்று சொன்னால் நிறுத்தியிருப்பாள். ஏன் எதற்கு என்று கேட்கக்கூட மாட்டாள், முதலில் நிறுத்திவிட்டுத்தான் கேட்பாள். குழியில் கழலாதது இறக்கத்தில் கழலும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குழி அதை இன்னும் கொஞ்சம் பிதுக்கியிருக்கும். வளைவுக்கு வளைவு பிரேக் அழுத்தி இறங்கும்போது முன் சக்கரத்தில்தான் மொத்தப் பாரமும் விழும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆனால் போன் பண்ணினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். வழியில் எவனாவது ஒரு மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்ப்பான். பெயின்டைச் சுரண்டுவான். ஊசி ஓட்டையைக் காட்டுவான். அவள் அப்பா என்ன செய்தார் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். புதுசை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் ஈஸ்டருக்கும் வரமாட்டாள், எதற்கும் வரமாட்டாள். அதை நினைத்ததும் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். மிச்சமிருந்த கறியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. லாவினியா சுருட்டினது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். இறக்கத்தில் ஒரு இடது வளைவு. சக்கரம் மடிந்தது. வண்டி நேராகப் போய்த் தடுப்பை உடைத்து மரத்தில் மோதியது, அவன் உட்கார்ந்திருந்த பக்கம். அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. அவன் அங்கேயே போய்விட்டான். மோதினதில் சக்கரம் பிய்ந்தது என்று உங்கள் ஆட்கள் எழுதிவிட்டார்கள். பிய்ந்ததால்தான் மோதியது. உங்கள் கொட்டடியில் வண்டி இன்னும் கிடக்கிறதல்லவா? வலது பக்க ரப்பர் உறையைத் துடைத்துப் பாருங்கள். பசைக்கு அடியில் ஊசி ஓட்டை இருக்கும். புது பால் ஜாயின்ட் என் பட்டறை அலமாரியில், கந்தல் துணிக்குப் பின்னால், பெட்டியோடு இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். அழாமல் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒரு சத்தம் கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேன்பா. நான் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் ஓட்டினேன். ஒண்ணுமே கேக்கலை. எனக்குத்தான் கேக்கலையோ, என்னமோ. நான்தான் அவரைக் கொன்னுட்டேன்."

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். நான் பாவி, ஐயா. அந்தப் பையனுடைய சவப்பெட்டிக்கு முன்னால் நின்று, மாமா மாமா என்று அவன் கூப்பிட்டதை நினைத்துக்கொண்டேன். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பனியில் எங்கேயாவது வண்டி கத்தினால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. சத்தமில்லாமல் ஒன்று போனால் வாசலுக்கு ஓடி வந்து, அது கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இப்படி ஒரு மனுஷன் உயிரோடு இருப்பது நியாயமில்லை என்றுகூடத் தோன்றுகிறது.

அதனால்தான் வந்தேன். அவளை விட்டுவிடுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள்.

ஒரே ஒரு விஷயம். வழக்கு முடிந்ததும் அம்மாவிடம் இத்தாலிக்குப் போய்விடுவேன் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். நான் உள்ளே போனபிறகு அது நடக்காது என்று நினைக்கிறேன். பசுவை யார் பார்ப்பது? பட்டறைக்கு யார் பூட்டுப் போடுவது? அப்பன் ஜெயிலில் கிடக்கும்போது மகள் ஊரைவிட்டுப் போகமாட்டாள், லாவினியா அப்படிப்பட்டவள் இல்லை. மாசத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வருவாள். கறி சுருட்டி எடுத்துக்கொண்டு வருவாள்.

என் வேனில் வரட்டும். சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. குளிரில் அதுவும் கொஞ்சம் முனகும். பயந்துவிடப்போகிறாள். அது வெறும் புஷ்தான், ஒன்றுமில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள், ஐயா. நான் சொன்னால் நம்புவாள்.